மலைமேல் குடிபோக நினைக்கிறீர்களா? மோசமான மாதத்தில் போய்ப் பாருங்கள்

மலையில் வீடோ நிலமோ பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் நல்ல மாதத்தில்தான் போகிறார்கள். மழை ஓய்ந்திருக்கும், சரிவெல்லாம் பச்சையாக இருக்கும், ஓடையில் தண்ணீர் ஓடும், சாலையும் வண்டி போகிற மாதிரி இருக்கும். விற்கிறவரும் அந்த மாதத்தில்தான் வரச் சொல்வார். ஆனால் நீங்கள் பன்னிரண்டு மாதமும் அங்கே இருக்கப்போகிறீர்கள். அதனால் தண்ணீரோ சாலையோ மின்சாரமோ, எதைப் பார்த்தாலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: இது மோசமான மாதத்தில் எப்படி இருக்கும்?

அந்த மோசமான மாதம் ஒன்றோடு நிற்பதில்லை. தண்ணீருக்கு மோசமான மாதம் வறட்சியின் கடைசி. சாலைக்கும் சரிவுக்கும் கனமழைக் காலம். மின்சாரத்துக்கும் மனசுக்கும் குளிர்காலம். முடிந்தால் மூன்றுக்கும் தனித்தனியாகப் போங்கள். ஒருமுறைதான் முடியும் என்றால் மழையில் போங்கள்.

போனால் என்ன செய்வது

சுற்றுலா விடுதியில் தங்காதீர்கள். அங்கே ஜெனரேட்டர் இருக்கும், லாரித் தண்ணீர் இருக்கும், சமைத்துக் கொடுக்க ஆள் இருப்பார்கள். ஊருக்குள் ஒரு வீட்டில் அறை வாடகைக்குக் கிடைத்தால் அதில் ஒரு வாரம் இருங்கள். அந்த வாரத்தில் காட்சி பார்ப்பதைக் குறைத்துக்கொண்டு சாதாரண வேலைகளைச் செய்யுங்கள். ஒரு மாதத்துக்கான சாமான் வாங்கி வாருங்கள். சிலிண்டர் தீர்ந்தால் எங்கே மாற்றுவது என்று விசாரியுங்கள். துணி துவைத்து, அது காய எத்தனை நாள் ஆகிறது என்று பாருங்கள். ராத்திரி, மூடுபனியில், நீங்களே வண்டி ஓட்டிப் பக்கத்து டவுன் ஆஸ்பத்திரி வாசல்வரை போய்த் திரும்புங்கள். இந்தக் கடைசி வேலையை மட்டும் தவிர்க்காதீர்கள். நிறையப் பேருக்கு அந்த ஒரு பயணத்திலேயே பதில் கிடைத்துவிடும்.

கூட வரப்போகிறவர்களையும் அழைத்துப் போங்கள். வீட்டில் ஒருவருக்கு மட்டும் ஆசை, மற்றவர்கள் விட்டுக்கொடுத்து வருகிறார்கள் என்றால் அது முதல் குளிர்காலத்தில் வெளியே வரும்.

உயரத்தையும் கவனத்தில் வையுங்கள். 1000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். புற ஊதாக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும், அதாவது குளிரும், அதே சமயம் தோலும் கருகும். 2000 மீட்டரில் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் பருப்பு வகைகள் லேசில் வேகாது, குக்கர் கட்டாயம். 2500 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். அந்த உயரத்துக்கு மேல் சிலருக்குத் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வரும். இதயம் அல்லது நுரையீரல் தொந்தரவு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

தண்ணீர்

மற்றதெல்லாம் பணம் கொடுத்தால் ஓரளவு சரிசெய்யலாம். மலைமேல் தண்ணீர் இல்லையென்றால் பணமும் உதவாது. அதனால் இதற்கு அதிக நேரம் கொடுங்கள்.

‘வற்றாத ஊற்று’ என்று சொல்லாமல் யாரும் நிலம் விற்பதில்லை. நீங்கள் ஒரு பத்து லிட்டர் வாளியும் கைக்கடிகாரமும் எடுத்துக்கொண்டு வறட்சியின் கடைசி வாரங்களில் போங்கள். வாளி நிரம்ப ஐந்து நிமிடம் ஆகிறது என்று வையுங்கள். பார்க்க நூல் மாதிரிதான் ஒழுகும். ஆனால் கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு 2 லிட்டர், நாளுக்கு 2880 லிட்டர். ஓர் ஆளுக்கு நாளைக்கு 100 லிட்டர் என்று வைத்தாலும் நாலு பேர் குடும்பத்துக்கு 400 லிட்டர் போதும். ஆக, அந்த மெலிந்த ஊற்று தாராளம். இரவு பகலாக விழுவதைப் பிடித்துவைக்க ஒரு நல்ல தொட்டி வேண்டும், அவ்வளவுதான். மழைக்காலத்தில் கொட்டோ கொட்டென்று கொட்டிவிட்டு, வறட்சியில் நின்றுபோகும் ஊற்றைவிட இது எவ்வளவோ மேல்.

அடுத்த கேள்வி, அந்த ஊற்று யாருடைய நிலத்தில் இருக்கிறது? குழாய் யாருடைய நிலம் வழியாக வருகிறது? வேறு யாரெல்லாம் அதை எடுக்கிறார்கள்? ‘அதெல்லாம் வாய்ப்பேச்சாகவே இத்தனை வருஷம் நடக்கிறது’ என்றால், அந்தப் பேச்சு பழைய சொந்தக்காரருக்கானது. உங்களுக்கும் அது செல்லுமா என்று சம்பந்தப்பட்டவரிடமே நேரில் கேளுங்கள். பத்திரத்தில் ஏற்ற முடிந்தால் ஏற்றிவிடுங்கள்.

குழாய் வழியாக நடந்து மேலே போய்ப் பாருங்கள். ஊற்றுக்கு மேலே மாட்டுக்கொட்டகை, கழிப்பறை, பூச்சிமருந்து அடிக்கும் தோட்டம் எதுவும் இருக்கிறதா? தெளிவாகத் தெரியும் தண்ணீரிலும் கிருமி இருக்கும். ஆய்வகத்தில் கொடுத்துப் பரிசோதியுங்கள், மழைக்கு முன்பு ஒருமுறை, மழையில் ஒருமுறை. சந்தேகம் இருந்தால் நன்றாகத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க வைப்பது போதும். 2000 மீட்டருக்கு மேலே மூன்று நிமிடம். உங்கள் கழிவுநீர் உறிஞ்சு குழியும் யாருடைய ஊற்றுக்கும் மேலே வரக்கூடாது. ஊற்றிலிருந்து குறைந்தது 30 மீட்டர் தள்ளி, தாழ்ந்த பக்கத்தில் இருக்கட்டும்.

ஊற்று வீட்டுக்கு மேலே இருந்தால் மோட்டாரே வேண்டாம். 10 மீட்டர் உயர வித்தியாசத்துக்கு ஏறத்தாழ 1 பார் அழுத்தம் கிடைக்கும். ஆனால் 100 மீட்டர் மேலிருந்து நேராகக் குழாய் இறக்கினால் 10 பார். சாதாரண வீட்டுக் குழாயும் டேப்பும் அதைத் தாங்காது. நடுவில் ஒரு சின்னத் தொட்டி வைத்து அழுத்தத்தை உடைத்து இறக்க வேண்டும். உறைபனி விழும் இடமென்றால் குழாயை மண்ணுக்குள் புதைக்க வேண்டும், எவ்வளவு ஆழம் என்பதைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டாலே தெரியும்.

ஊற்றே இல்லாவிட்டால் கூரை இருக்கிறது. ஒரு சதுர மீட்டர் கூரையில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். 80 சதுர மீட்டர் கூரை, ஆண்டுக்கு 1000 மில்லிமீட்டர் மழை என்றால் 80,000 லிட்டர். சிந்தியதும் ஆவியானதும் போக அதில் பெரும்பங்கைப் பிடிக்கலாம். மழையில்லாத நாட்கள் தொடர்ந்து எத்தனை வரும் என்பதை வைத்துத் தொட்டியின் அளவை முடிவு செய்யுங்கள்.

சரிவு

நிலத்தைப் பார்க்கும்போது காட்சி தெரியும் பக்கத்துக்கு முதுகைக் காட்டி நின்று, மேலே இருக்கும் சரிவைப் பாருங்கள். மரங்கள் அடியில் வளைந்து மேலே நிமிர்ந்திருந்தால் மண் மெதுவாக நகர்கிறது என்று அர்த்தம் இருக்கலாம். சாய்ந்த மின்கம்பம், தரையில் பிறை வடிவ வெடிப்பு, சுவரில் புதுசாக விரிசல், மூட வராத கதவு, முன்பு இல்லாத இடத்தில் கசிவு எல்லாமே எச்சரிக்கைதான். ஓடை மலையிலிருந்து இறங்கிச் சமவெளியைத் தொடும் இடத்தில் விசிறி போலப் பரந்த ஒரு மண்மேடும் பெரிய பாறைகளும் கிடந்தால், அந்தப் பாறைகள் எப்படி அங்கே வந்தன என்று யோசியுங்கள். மறுபடியும் வரும். மலையை வெட்டிச் சமப்படுத்திக் கட்டிய வீடு பார்க்க அழகுதான், ஆனால் பின்னால் நிற்கும் வெட்டுச்சுவருக்குத் தாங்குசுவரும் தண்ணீர் வெளியேறத் துளைகளும் உண்டா என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

சரிந்த இடம் மறுபடி சரியும் என்பதற்கு நடந்த கதை ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஓசோ என்ற ஊருக்குப் பக்கத்தில் 2014 மார்ச் 22 அன்று மலைச்சரிவு இடிந்து ஒரு குடியிருப்பையே மூடியது. 43 பேர் இறந்தார்கள். அதே சரிவு 2006-லும் ஒருமுறை இறங்கியிருந்தது, அதற்கு முந்தைய பல பத்தாண்டுகளிலும் சரிந்த பதிவுகள் இருந்தன. அப்படியும் அங்கே வீடுகள் எழுந்தன. நீங்கள் பார்க்கும் இடத்துக்கு அரசு வெளியிட்ட நிலச்சரிவு அபாய வரைபடம் இருந்தால் வாங்கிப் பாருங்கள். ஊரில் எழுபது வயது தாண்டிய யாரிடமாவது ‘எந்த வருஷ மழை பெரிய மழை, அப்போது எங்கெல்லாம் விழுந்தது?’ என்று கேளுங்கள். தரகரிடம் கேட்காதீர்கள்.

இன்னொரு வழி, பழைய வீடுகள் எங்கே இருக்கின்றன என்று பார்ப்பது. பல மலையூர்களில் அவை பள்ளத்தாக்கின் அடியிலும் இருக்காது, முகட்டிலும் இருக்காது. நடுச்சரிவில்தான் கூடியிருக்கும். அதற்குக் காரணம் உண்டு. தெளிந்த குளிர் இரவில் கனத்த குளிர்க்காற்று சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால் பள்ளத்தில் உறைபனி விழும்போது நடுச்சரிவு சில டிகிரி வெதுவெதுப்பாக இருக்கும். முகட்டில் காற்று அடிக்கும், தண்ணீரும் இருக்காது. முகட்டில் புதிதாகக் கண்ணாடி வீடு கட்டியிருக்கிறார்கள் என்றால் கட்டியவர் விடுமுறைக்கு வந்து போகிறவர் என்று நினைத்துக்கொள்ளலாம்.

வெயிலும் முக்கியம். பூமியின் வட பாதியில் தெற்கு பார்த்த சரிவுக்குத்தான் குளிர்காலச் சூரியன் கிடைக்கும். வடக்கு பார்த்த சரிவில், அதுவும் ஒடுக்கமான பள்ளத்தாக்கில், எதிர்மலை சூரியனை மறைத்துவிடும். பாசி, ஈரச்சுவர், காயாத துணி என்று மாதக்கணக்கில் போகும். சூரியன் எந்த நாளில் எங்கே உதிக்கும் என்று காட்டும் செயலிகள் போனிலேயே கிடைக்கின்றன. டிசம்பர் கடைசி வாரத்தைப் போட்டு, அந்த முற்றத்தில் நின்று பாருங்கள்.

சாலை

மலையில் தூரத்தைக் கிலோமீட்டரில் கேட்காதீர்கள், மணியில் கேளுங்கள். அதையும் மழைநாள் மணியில். கடைசி ஒரு கிலோமீட்டர்தான் பெரும்பாலும் பிரச்சினை. அதை யார் பராமரிக்கிறார்கள், போன மழையில் எத்தனை நாள் மூடிக் கிடந்தது, வேறு வழி உண்டா? அந்தப் பாதை அடுத்தவர் நிலம் வழியாகப் போனால், நடக்க மட்டும் உரிமையா, வண்டி போகவும் உரிமையா என்பது எழுத்தில் இருக்க வேண்டும். மணலும் கல்லும் ஏற்றிய லாரி அந்தக் கொண்டை ஊசி வளைவில் திரும்புமா என்று ஒரு லாரி ஓட்டுநரை அழைத்துக் காட்டுங்கள். திரும்பாவிட்டால் சின்ன வண்டியில் மாற்றி ஏற்ற வேண்டும். கட்டுமானச் செலவு அங்கேயே எகிறிவிடும்.

மலைச்சாலை புதிது என்றால் இரண்டு பழக்கங்கள். இறங்கும்போது எந்த கியரில் ஏறுவீர்களோ அந்த கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை மட்டும் நம்பினால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். குறுகிய இடத்தில் ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுங்கள்.

மின்சாரமும் தொடர்பும்

மின்சாரம் போகும். கேள்வி, எத்தனை நாள் என்பதுதான். ஒரு மரம் கம்பியில் விழுந்தால் சரிசெய்ய ஆள் வரும் சாலையும் அதே மழையில் மூடியிருக்கும். சோலார் வைக்கலாம், ஆனால் குளிர்கால வெயிலை வைத்துக் கணக்குப் போடுங்கள், எதிர்மலையின் நிழலையும் சேர்த்து. பழைய வகை ஈய-அமில பேட்டரி 0 டிகிரியில் தன் கொள்ளளவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இழக்கும். லித்தியம் வகையை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்யக்கூடாது, கெட்டுவிடும். ஆகவே இரண்டுமே வீட்டுக்குள் இருக்கட்டும். ஜெனரேட்டர் அதற்கு நேர்மாறு, அது ஒருநாளும் வீட்டுக்குள் வரக்கூடாது. அதன் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை இல்லை, தூங்குகிறவரை எழுப்பாமலே கொன்றுவிடும். மூடிய அறையில் கரியடுப்பு வைத்துக் குளிர்காய்வதும் அதே ஆபத்து. அதைக் கண்டுபிடித்து அலறும் சின்னக் கருவி ஒன்றைப் படுக்கையறையில் மாட்டுங்கள்.

கடும் குளிர் இடங்களில் சிலிண்டரும் ஏமாற்றும். பியூட்டேன் -0.5 டிகிரிக்குக் கீழே ஆவியாகாது, புரோப்பேன் -42 வரை தாங்கும். எந்தக் கலவை வருகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். விறகு எரிப்பதாக இருந்தால் பச்சை விறகு வேண்டாம். ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே வர ஆறு மாதம் முதல் இரண்டு வருடம்வரை கூரை போட்ட இடத்தில் காய வேண்டும். அடுத்த குளிருக்கான விறகை இந்தக் குளிரிலேயே அடுக்க வேண்டும் என்பது நகரத்திலிருந்து வருகிறவர்களுக்குச் சட்டென்று மனதில் ஏறாது.

போன் சிக்னலை வீட்டுக்குள் நின்று பாருங்கள், மாடி முனையில் ஒற்றைக்காலில் நின்று பார்த்தது கணக்கில் வராது. மின்சாரம் போன பிறகு டவர் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதையும் ஊரில் கேளுங்கள். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவர்கள் ஒரே இணைப்பை நம்பி வேலையை ஒப்புக்கொள்ள வேண்டாம். செயற்கைக்கோள் இணையம் நல்ல தீர்வு, ஆனால் அதற்குப் பரந்த வானம் வேண்டும். மரம் அடர்ந்த ஒடுக்கமான பள்ளத்தில் அடிக்கடி அறுந்துபோகும்.

உடம்புக்கு முடியாமல் போனால்

ஆம்புலன்ஸ் எங்கிருந்து வருகிறது, எவ்வளவு நேரத்தில் வரும், வாசல்வரை வருமா, இல்லை நோயாளியைத் தூக்கிக்கொண்டு சாலைவரை நடக்க வேண்டுமா? வீட்டின் அட்சரேகை தீர்க்கரேகையை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பதற்றத்தில் வழி சொல்ல வராது. தினமும் சாப்பிடும் மருந்து எப்போதும் ஒரு மாதத்துக்குக் கையிருப்பில் இருக்கட்டும். வீட்டில் இரண்டு பேராவது முதலுதவி கற்றுக்கொள்ளுங்கள், ஒருவர் மட்டும் கற்றால் அவருக்கே அடிபடும்போது யார் பார்ப்பது? பாம்பு உள்ள இடமென்றால், கடித்த இடத்தை அறுப்பது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது மூன்றும் கூடாது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் விஷமுறிவு மருந்து உள்ள ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அந்த மருந்து எந்த ஆஸ்பத்திரியில் உண்டு என்பதைக் குடிபோகும் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர்க்காரர்கள்

அமைதியைத் தேடிப் போகிறவர்கள் சில சமயம் மனிதர்கள் இல்லாத இடத்தைத் தேடுகிறார்கள். அது வேறு. பனியிலோ மண்ணிலோ சாலை மூடினால் மண்வெட்டியோடு வருவது பக்கத்து வீட்டுக்காரர்தான். ஆள் குறைந்துகொண்டே போகும் மலையூர்களுக்கும் புது ஆட்கள் வேண்டும். சுவிட்சர்லாந்தில் அல்பினென் என்ற மலைக்கிராமம், 45 வயதுக்கு உட்பட்டவர்கள் வந்து வீடு வாங்கிப் பத்து வருடம் தங்கினால் ஆளுக்கு 25,000 பிராங்க் தருவதாக 2017-இல் வாக்கெடுத்து முடிவு செய்தது. அந்தப் பத்து வருட நிபந்தனையைக் கவனியுங்கள். வந்து போகிறவர்களுக்காக அவர்கள் பணம் ஒதுக்கவில்லை.

முதல் வேலையாக வேலி போடாதீர்கள். உங்கள் நிலத்தின் குறுக்கே ஊர் நடக்கும் ஒற்றையடிப் பாதை இருக்கலாம். அமைதி என்பதையும் கொஞ்சம் விசாரியுங்கள். பள்ளத்தாக்கில் ஒலி நெடுந்தூரம் போகும். எதிர்ச்சரிவில் மரம் அறுக்கும் மெஷின் ஓடினால் உங்கள் திண்ணையில் கேட்கும். பள்ளி, பிள்ளைகளின் நட்பு, தினசரிப் பயணம் பற்றி அந்த ஊரில் பிள்ளை வளர்க்கிறவரிடம் அரைமணி நேரம் பேசினால் போதும், நான் எழுதுவதைவிட நன்றாகச் சொல்வார்.

பணம் கைமாறும் முன்

சட்டத்தை முதலில் பாருங்கள். பல மலைப்பகுதிகளில் வெளியாட்கள் நினைத்தபடி நிலம் வாங்க முடியாது. இந்தியாவின் இமாச்சலப் பிரதேசத்தில் 1972-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 118-ஆவது பிரிவின்படி, அந்த மாநிலத்து விவசாயி அல்லாதவர் நிலம் வாங்க அரசு அனுமதி வேண்டும். சுவிட்சர்லாந்தில் 2012-இல் மக்கள் வாக்களித்ததால் எந்த ஊராட்சியிலும் இரண்டாம் வீடுகள் 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. காட்டை ஒட்டிய நிலம் என்றால் மரம் வெட்ட, மண் தோண்ட, கிணறு போட எல்லாவற்றுக்கும் தனி அனுமதி இருக்கலாம். வில்லங்கம் பார்க்கும் வக்கீல் அந்த வட்டாரத்தில் வேலை செய்தவராக இருக்கட்டும், ஆனால் விற்கிறவர் சொன்ன வக்கீலாக இருக்க வேண்டாம்.

என் யோசனை, முதலில் ஒரு வருடம் வாடகைக்குப் போவது. ‘வாடகைக்கு வீடே இல்லை’ என்பார்கள். பூட்டிக் கிடக்கும் வீடு ஒன்று அநேகமாக எல்லா மலையூரிலும் இருக்கும், ஊருக்குள் இரண்டு தடவை முகம் காட்டினால் சாவி யாரிடம் என்று தெரிந்துவிடும். அந்த ஒரு வருடத்துக்கு நகரத்து வீட்டை விற்காதீர்கள். மலை வீட்டை வாங்குவது சுலபம், வேண்டாம் என்று தோன்றும்போது விற்பதற்கு வருடக்கணக்கில் ஆகலாம்.

வாங்கிய பிறகும் முதல் மழைக்கு முன் எந்த மாற்றமும் செய்யாதீர்கள். மேட்டை வெட்டுவது, மரத்தை எடுப்பது, பாதையைத் திருப்புவது எதுவும் வேண்டாம். வாய்க்காலில் சேர்ந்த சருகை மட்டும் அள்ளிவிட்டு, மழை பெய்யும்போது குடையைப் பிடித்துக்கொண்டு நிலம் முழுக்க நடந்து, தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே தேங்குகிறது, எந்தப் பக்கம் இறங்குகிறது என்று ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். கொத்தனாரிடம் முதலில் காட்ட வேண்டியது அந்தத் தாளைத்தான்.